முட்டாள்தான் போவான்னு யார் சொன்னது?

ஆயுத பூஜை லீவுக்கு மெட்ராஸ்லருந்து அக்கா மகன் வந்திருந்தான். களத்துல எல்லாரும் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தோம். அவன் ஒரு அமெரிக்க கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன். ஆபீஸ் கதை சொல்லிக்கிட்டே வந்தவன், மேனேஜர் எதைச் சொன்னாலும் தலையாட்டுற ஒருத்தனைப் பத்தி, "அவன் கூல்-எய்ட் குடிச்சிட்டான் மாமா"ன்னான். அப்படின்னா என்னடான்னு கேட்டேன். "அமெரிக்காவுல ஒரு சாமியார் சொன்னான்னு தொள்ளாயிரம் முட்டாளுங்க ஜூஸுல விஷத்தைக் கலந்து குடிச்சு செத்தாங்க மாமா. அதுலருந்து வந்த ஜோக்கு" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம சின்ன ஆயாவும் அதே கேஸுதான?"ன்னு சேர்த்தான். களமே சிரிச்சது.

எனக்கு சிரிப்பு வரல. சின்ன ஆயான்னு அவன் சொன்னது என் சித்தியை. மூணு வருசமா வீட்டுக்கு வராத சித்தி.

அந்த ஜோக்குக்குப் பின்னாடி இருக்கிற கதை எனக்கு முன்னமே தெரியும். சித்தி போன பிறகு தேடித் தேடிப் படிச்சதுல முதல் கதையே அதுதான். தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் இருந்த அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பேரே விவசாயத் திட்டம். ஊர் பேர் ஜோன்ஸ்டவுன். 3,800 ஏக்கருக்கு மேல் குத்தகை நிலம். விவசாயி நான், அதைப் படிக்காம எப்படி விடுவேன்? படிச்ச பிறகு ஒண்ணு தெளிவா புரிஞ்சது. "முட்டாளுங்கதான் போவாங்க"ங்கிறது நாம நம்மைத் தேத்திக்கச் சொல்லிக்கிற பொய்.

ஜிம் ஜோன்ஸ் என்ற அந்த ஆள் ஆரம்பத்தில் என்ன செய்தான் என்று பாருங்கள். 1950-களில், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் சபை ஆரம்பிக்கிறான். வெள்ளைக்காரன் சர்ச்சில் கறுப்பினத்தவர் உட்கார முடியாத காலம். இவன் சபையில் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தாங்க. பசிச்சவனுக்கு இலவசச் சாப்பாடு. வயசானவங்களுக்குக் காப்பகம். வெள்ளைக்காரனான அவனே ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தான். இதெல்லாம் நிஜமா நடந்தது, நாடகமில்ல. அப்புறம் கலிபோர்னியாவுக்குப் போனான். சான் பிரான்சிஸ்கோவில் அரசியல்வாதிகள் அவனைத் தேடி வந்தார்கள். நகர வீட்டு வசதி ஆணையத்துக்கே அவனைத் தலைவராக்கினார்கள்.

இப்ப சொல்லுங்க. நீங்க அந்த ஊர்ல ஒரு கறுப்பினக் கிழவி. வாழ்நாள் முழுக்க ஒரு வெள்ளைக்காரனும் உங்களை "அம்மா வாங்க"ன்னு கூப்பிட்டதில்ல. ஒருத்தன் கூப்பிடுறான், சோறு போடுறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறான், மேயரே வந்து அவனுக்குக் கை கொடுக்கிறார். போகாம இருப்பீங்களா? நான் போயிருப்பேன். நாசமாப் போற கூட்டம்னு தெரிஞ்சே யாரும் போய்ச் சேர்றதில்ல. கை கொடுக்கிற இடம்னு நம்பித்தான் போறாங்க.

எங்க சித்தியும் அப்படித்தான். சித்தப்பா செத்து எட்டு மாசம் அந்த வீட்டு வாசலை நாங்க யாரும் எட்டிப் பார்க்கல. காரியம் முடிஞ்சது, அவங்கவங்க வேலையைப் பார்த்தோம். நடவு நாளில் ஆள் கிடைக்காம சித்தி தனியா நின்னப்ப, வெள்ளிக்கிழமை பஜனை பண்ற ஒரு கூட்டத்துப் பொம்பளைங்க பத்து பேர் வந்து சேத்துல இறங்கினாங்க. கூலி வாங்கல. கூட உட்கார்ந்து கூழ் குடிச்சாங்க, சித்தி அழுதப்ப கூட அழுதாங்க. அந்த நடவை நான் நட்டிருக்கணும். நடல. நான் விட்ட இடத்துல அவங்க வந்து நின்னாங்க.

சரி, போறது புரியுது. ஏன் திரும்பி வர்றதில்ல? அக்கா மகன் கேட்டதும் அதுதான்: "ஒரு கட்டத்துல புத்தி வராதா மாமா?"

புத்தி வரும்டா. ஆனா அதுக்குள்ள வரப்பு வெட்டிட்டிருப்பான். கழனிக்குப் போற வழியை ஒருத்தன் வருசத்துக்கு ஒரு சாண் வெட்டினா, கேஸ் போடுற அளவுக்கு எந்த வருசமும் பெருசாத் தெரியாது. ஒருநாள் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனா வழியே இருக்காது.

ஜோன்ஸ் அப்படித்தான் வெட்டினான். முதலில் நேரம். ஞாயிறு ஒரு கூட்டம்னு ஆரம்பிச்சது, வாரத்தில் பல நாள், விடியவிடியக் கூட்டம் என்று ஆனது. தூக்கம் கெட்டவனுக்கு யோசனை ஓடாது, ராத்திரி முறையில் கரண்டு விட்டப்ப தண்ணி பாய்ச்சின எல்லா விவசாயிக்கும் இது தெரியும். அப்புறம் அற்புதம். மேடையில் புற்றுநோயை வெளியே எடுத்துட்டதா ஒரு துண்டு மாமிசத்தைக் காட்டுவார்கள். கோழியின் குடல் கழிவு அது. கூட வேலை செய்தவர்கள் சிலருக்கு அது தெரியும். ஆனால் நாலு ஏழைக்கு நல்லது நடக்குதே, இந்தச் சின்னப் பொய்யால என்ன என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பொய்க்கு வாயை மூடினவனுக்கு அடுத்த பொய்க்கு வாயைத் திறக்கிற தகுதி போயிடுது. அவனும் கூட்டாளி ஆயிடுறான்.

அடுத்தது சொத்து. சம்பளத்தில் ஒரு பங்கு, அப்புறம் முழுசா, அப்புறம் வீடு. கிழவிகளின் பென்ஷன் பணம் நேரா சபைக்குப் போனது. வீட்டை எழுதிக் கொடுத்தவங்க விலகினா தங்க இடமில்ல. அதோட, செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டான். புருசன் பெண்டாட்டியைக் காட்டிக் கொடுக்கணும், பிள்ளை அப்பனைக் காட்டிக் கொடுக்கணும். காட்டிக் கொடுத்தவனுக்குப் பாராட்டு, மாட்டினவனுக்கு எல்லார் முன்னாடியும் அவமானம், அடி. ஆயிரம் பேர் ஒண்ணா இருந்தாலும், சந்தேகம் வந்தவன் தனி ஆள்தான். பக்கத்துல இருக்கிறவனுக்கும் அதே சந்தேகம் இருக்கான்னு கேட்கவே முடியாது.

1977-ல் விலகி வந்தவர்கள் சொன்னதை ஒரு பத்திரிகை வெளியிடப் போகிறது என்று தெரிந்ததும், கூட்டம் கூட்டமாகக் கயானா காட்டுக்கு ஏற்றிப் போனான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். சுற்றிலும் காடு, வாசலில் துப்பாக்கிக்காரன்.

அந்த விவசாயத்தைப் பத்தி ஒரு விவசாயியா நான் சொல்லணும். அடைமழைக் காட்டை வெட்டினா மண்ணு பார்க்கக் கொழுப்பா இருக்கும், ஆனா சத்து மழையில கரைஞ்சு ஓடிடும். மரவள்ளி, வாழை, சக்கரவள்ளி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரம் வயிறு நிறையல. அதில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள், வயசானவங்களும் நிறைய. நாளெல்லாம் வெயிலில் வேலை, சாப்பாட்டுக்குச் சோறும் குழம்பும்தான் பெரும்பாலும். வேலை செய்யும்போதும், படுத்த பிறகும் ஒலிபெருக்கியில் அவன் குரல். அமெரிக்க உளவுத்துறை நம்மைக் கொல்ல வருது, குழந்தைகளைச் சித்திரவதை பண்ணுவாங்கன்னு. காட்டுக்குள்ள வேற செய்தியே இல்லாதவங்க எதை வச்சு அது பொய்னு சொல்ல முடியும்?

அப்புறம் ஒத்திகை. நடு ராத்திரியில் எழுப்பி, எதிரி வந்துட்டான், சாகத் தயாரான்னு கேட்பான். ஒருமுறை ஏதோ ஒரு பானத்தைக் கொடுத்து, விஷம் என்று சொல்லிக் குடிக்க வைத்தான். குடிச்ச பிறகு, சும்மா சோதிச்சுப் பார்த்தேன் என்றான். நிஜமா விஷம் வந்த அன்னைக்கு, அது இன்னொரு ஒத்திகைன்னு எத்தனை பேர் நினைச்சாங்களோ.

1978 நவம்பர் 18. அங்கே நடப்பதைப் பார்க்க வந்திருந்த அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயானையும் கூட இருந்த 4 பேரையும் விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொன்றார்கள். அன்று சாயங்காலம் ஜோன்ஸ்டவுனில் 909 பேர் செத்தார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயசு ஆகாதவர்கள். விஷத்தை முதலில் கொடுத்ததே குழந்தைகளுக்குத்தான், ஊசிக்குழாயால் வாயில் பீய்ச்சி. பிள்ளை செத்த பிறகு தாய் எதுக்கு ஓடுவாள்? சுற்றிலும் ஆயுதத்தோட ஆட்கள் வேற. இதுக்குப் பேர் தற்கொலையா? ஜோக்கா? குடிச்சது கூல்-எய்ட் கூட இல்ல, ஃபிளேவர்-எய்ட்னு வேற ஒரு மலிவுச் சரக்கு. சிரிக்கிறவங்க அதைக்கூடச் சரியாத் தெரிஞ்சுக்கல.

அந்தக் கடைசிக் கூட்டத்தின் ஒலிநாடா இன்னைக்கும் இருக்கு. அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற ஒரு பெண் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுகிறார். குழந்தைகள் வாழ வேண்டியவர்கள், வேறு வழி பார்க்கலாம் என்று. அவரை அடக்கினது ஜோன்ஸ் மட்டுமில்ல. கூட இருந்தவர்களே கத்தி உட்கார வைத்தார்கள். கயிறு அப்ப ஜோன்ஸ் கையில இல்ல, ஒருத்தர் கயிறை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க.

பழைய கதை, அமெரிக்கக் கதைன்னு தள்ளிடாதீங்க. 1995-ல் டோக்கியோ பாதாள ரயிலில் விஷவாயு வைத்த ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தார்கள். ரயிலில் வைத்தவர்களில் ஒருவர் இதய அறுவைச் சிகிச்சை டாக்டர். கென்யாவில் ஷகஹோலா காட்டிலிருந்து 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுக்கத் தொடங்கியது 2023-ல்தான், பட்டினி கிடந்து செத்தவர்கள் அதில் ஏராளம். படிப்பு காப்பாத்தும்னா டாக்டரைக் காப்பாத்தியிருக்கணும்.

"அப்ப ஏமாத்தினவனை விட்டுட்டு எங்களைக் குத்தம் சொல்றீங்களா?"ன்னு கேட்பீங்க. இல்ல. ஏமாத்தினவன் ஜெயிலுக்குப் போகணும். ஆனா சட்டம் வர்றது எப்பவும் கடைசியில். அதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறவங்களுக்கு வெளியில ஒரே ஒரு நூல்தான் மிச்சம் இருக்கும்: வீட்டு மனுசங்க. அந்த நூலை அறுக்க அந்தக் கூட்டம் படாதபாடு படும். "வெளியில இருக்கிறவங்க உன்னைக் கேலி பண்றாங்க, உன்னை யாரும் சேர்த்துக்க மாட்டாங்க"ன்னு தினமும் சொல்லும். நாம சிரிச்சா, அவன் சொன்னதை நாமே நிரூபிக்கிறோம். அவன் பூட்டுக்கு நாம சாவி செஞ்சு கொடுக்கிறோம்.

ரயான் தானா அங்க போகல. உள்ளே மாட்டியவர்களின் சொந்தக்காரர்கள் ஒண்ணு சேர்ந்து மனு மேல மனு போட்டார்கள், அதனால் போனார். அவர் போனதும், நாங்களும் வர்றோம்னு பதினைஞ்சு பேர் போல கிளம்பினார்கள். பெரும்பாலானோர் பிழைத்தார்கள். அதே நாள் காலையில், பிக்னிக் போறோம்னு சொல்லிட்டு 11 பேர் காட்டு வழியா நடந்தே தப்பினார்கள், ஒரு தாய் தன் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு. ஒரு சின்ன வழி தெரிஞ்சாப் போதும், மனுசன் நடந்துடுவான்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சித்தி ஒரு காணி நிலத்தை அந்தக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்தது தெரிஞ்ச அன்னைக்கு, தெருவே பார்க்க, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத"ன்னு கத்தினேன். சித்தி ஒரு வார்த்தை பேசல. ஒரு பையை எடுத்துக்கிட்டு நடந்துச்சு. அவங்க வெட்டின வரப்பு போக மிச்சம் இருந்த ஒத்தையடிப் பாதையை வெட்டினவன் நான்.

இப்ப ஒவ்வொரு அமாவாசைக்கும் போன் பண்றேன். சாமியைப் பத்திப் பேசறதில்ல, நிலத்தைப் பத்திப் பேசறதில்ல. முதல் ஆறு மாசம் எடுக்கல. இப்ப எடுக்குது. "சாப்ட்டியா? மழை பேஞ்சுதா?" அவ்வளவுதான், பக்கத்துல யாரோ கூப்பிடுவாங்க, வச்சிடும். போன மாசம் மட்டும், "மல்லாட்டை எப்படி?"ன்னு கேட்டுச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படிப் போயிருப்பாங்க. வாதம் பண்ணி ஜெயிக்கப் பார்க்காதீங்க, தோத்துடுவீங்க. சாப்பாடு, உடம்பு, பேரப்பிள்ளை, இதைப் பேசுங்க. எப்ப வந்தாலும் எதுக்குப் போனேன்னு கேட்க மாட்டோம்னு ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிடுங்க. போகாதவங்க வீட்டுல இருந்தா, சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்கு அப்புறமும் போங்க.

அக்கா மகன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம மல்லாட்டை ஆய்ஞ்சான். அப்புறம், "நம்பர் குடுங்க மாமா, நானும் பேசறேன்"னான். கொடுத்திருக்கேன்.

விதைக்கு எடுத்தது போக, ரெண்டு படி தனியா எடுத்து வச்சிருக்கேன். சித்திக்கு வறுத்த மல்லாட்டைன்னா உசுரு.