எட்டயபுரம் பக்கத்திலேயே பிறந்தும் இந்தியர் இல்லையா? முகாம் தமிழர்களின் குடியுரிமைச் சிக்கல் என்ன?

எட்டயபுரம்னு சொன்னதும் பாரதியார் பிறந்த வீடுதான் நினைவுக்கு வரும். அதே ஊருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே தாப்பாத்தியில் ஒரு முகாம் இருக்கு. இலங்கைப் போரில் உயிர் தப்பி வந்த தமிழர்கள் வாழும் இடம் இது. இப்படிப்பட்ட முகாம்களிலேயே பிறந்து, பக்கத்துப் பள்ளியில் படித்து, இலங்கையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்து நிற்குது. சட்டப்படி அவர்களும் வெளிநாட்டவர்கள்தான்.

தமிழ்நாடு முழுக்க 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்காங்க. இவங்க இங்கே நிரந்தரமாகத் தங்க வழி இருக்கா?

இந்தியாவில் 'கிரீன் கார்டு' உண்டா?

உண்டு, ஆனால் பணம் உள்ளவர்களுக்கு. 2016-ல் மத்திய அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக நிரந்தர வசிப்புரிமைத் திட்டத்தை அறிவித்தது. 18 மாதத்தில் 10 கோடி ரூபாய் அல்லது 36 மாதத்தில் 25 கோடி ரூபாய் முதலீடு செய்யணும். ஆண்டுதோறும் குறைந்தது 20 இந்தியர்களுக்கு வேலை தரணும். அப்படிச் செய்தால் 10 ஆண்டுகள் தங்கும் உரிமை கிடைக்கும்.

அகதிகளுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதே போரில் தப்பி கனடா போன ஈழத்தமிழர்கள், அகதியாக ஏற்கப்பட்டதும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து, பிறகு குடியுரிமையும் வாங்கிட்டாங்க.

இந்தியாவில் பிறந்தால் போதாதா?

எப்போது பிறந்தார் என்பதைப் பொறுத்தது.

● 1.7.1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன்.

● அதன் பிறகு 2004 டிசம்பர் தொடக்கம் வரை பிறந்தவர்: தாய், தந்தையில் ஒருவர் இந்தியராக இருக்கணும்.

● அதற்குப் பின் பிறந்தவர்: ஒருவர் இந்தியராக இருக்கணும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் அகதிகள் பெருமளவில் வரத் தொடங்கினாங்க. ஆக, முதல் பிரிவில் வர அவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் 4 ஆண்டுகள். 1990-ல் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியாச்சு.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த விதிதான் கைகொடுத்தது. அவருக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதல்முறையாக ஓட்டும் போட்டார்.

'சட்டவிரோதக் குடியேறி' என்றால் யார்?

முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர். குண்டுமழைக்கு நடுவே படகேறி ராமேஸ்வரம் வந்தவர்களிடம் விசா எங்கே இருக்கும்? 2003 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்த முத்திரை விழுந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. எட்டயபுரத்துப் பெண் ஒருவர் முகாம் இளைஞரைக் கல்யாணம் பண்ணினால், அப்பாமேல் உள்ள அந்த முத்திரையால் பிள்ளையின் குடியுரிமையும் கேள்விக்குறி ஆகிடும்.

சிஏஏ சட்டம் உதவாதா?

உதவாது. 2019-ல் நிறைவேறி, 2024 மார்ச்சில் விதிகள் வெளியான குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளுக்கு மட்டும்தான். அங்கிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்துக்கள், கிறிஸ்தவர்கள் உள்ளிட்ட 6 மதத்தினருக்கு அந்த முத்திரையை அது நீக்கியது. காத்திருப்புக் காலத்தையும் 5 ஆண்டாகக் குறைத்தது. முகாம்களில் பெரும்பாலானோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். ஆனால் பட்டியலில் இலங்கை இல்லை.

2025-ல் என்ன மாறியது?

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் அடைந்து, முறைப்படி பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளில் இருந்து விலக்கு கிடைத்தது. ஆவணம் இல்லை என்று வழக்கு பாயுமோ என்ற பயம் இவங்களுக்கு இனி தேவையில்லை.

இது நல்ல நிம்மதிதான், ஆனால் குடியுரிமை இல்லை. குடியுரிமைச் சட்டத்தில் உள்ள 'சட்டவிரோதக் குடியேறி' வரையறை திருத்தப்படவில்லை.

இதனால் நடைமுறையில் என்ன இழப்பு?

தமிழ்நாடு அரசு 2021-ல் முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. சுமார் 7,500 புதிய வீடுகள் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,000-ல் இருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் ஓட்டுரிமை, அரசு வேலை, இந்திய பாஸ்போர்ட் மூன்றும் குடியுரிமை இருந்தால்தான். பட்டம் வாங்கிய பிள்ளைகள்கூட பெயிண்டிங், கட்டட வேலைக்குப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து என்ன?

குடியுரிமை மத்திய அரசின் அதிகாரம். மாநில அரசு கோரிக்கைதான் வைக்க முடியும். சிஏஏ பட்டியலில் இலங்கையைச் சேர்ப்பது ஒரு வழி. 2025 விலக்கின் அடிப்படையில் அந்த முத்திரையை நீக்குவது இன்னொரு வழி. முதலாவதுக்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தணும். இரண்டாவதுக்கு மத்திய அரசு முடிவெடுக்கணும்.

இப்போதைக்கு முகாம் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாராவது 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்தி வைப்பது. அவர் இந்தியர் என்று உறுதியானால், அவருடைய பிள்ளைகளுக்கும் வழி திறக்கலாம்.