மூச்சுக்குத் தைரியமும் வேண்டும்

நாற்பது ஆண்டுகள் விறகடுப்பு ஊதிய அம்மாவுக்கு, இப்போது குளியலறை வரை நடப்பதே மலையேற்றம். நடுராத்திரியில் மூச்சு முட்டினால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி விடியலுக்குக் காத்திருக்கிறார். வீட்டாருக்கோ "பயப்படாதீங்க" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அவரை வாட்டும், சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், 2019-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேரின் உயிரைப் பறித்தது. பீடி, சிகரெட்டைப் போல அடுப்புப் புகையும் இதற்குக் காரணம்.

பதறினால் மூச்சு வேகமெடுக்கும். உள்ளிருக்கும் காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு நுழையும். நெஞ்சு மேலும் இறுகும், பயம் கூடும். இந்தச் சுழலை நோயாளியே தணிக்கப் பழகலாம். மூக்கால் இழுத்து, சுடர் அணையாமல் அசையும்படி ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இருமடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து குளித்தாலும் மூச்சிரைப்பு குறையும்.

இவற்றைக் கற்றுத்தராமல் இன்ஹேலரை மட்டும் எழுதிக்கொடுப்பது அரை வைத்தியம். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீடு தேடி வருகிறது. நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் மன ஆலோசனையும் அதே வழியில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மனம் தளர்ந்தவர்கள் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.