ரீல்ஸில் நீலம்... கடலுக்கடியில் வெள்ளை! - ஸ்நார்கெலிங் டிக்கெட் போடும் முன் ஒரு நிமிஷம்

இன்ஸ்டாவைத் திறந்தால் போதும். கண்ணாடி மாதிரி தண்ணீர், முகத்தில் மாஸ்க், வாயில் குழாய், கீழே கலர் கலராய் மீன்கள். 'வாழ்நாளில் ஒருமுறையாவது போக வேண்டிய 10 ஸ்நார்கெலிங் ஸ்பாட்கள்' என்று ஒரு ரீல் ஓடும். நீங்களும் சேவ் பண்ணி, 'மச்சி, போறோம்' என்று நண்பருக்கு அனுப்பியிருப்பீர்கள். தப்பே இல்லை. ஸ்கூபா டைவிங் மாதிரி சிலிண்டர், சர்டிஃபிகேட் எதுவும் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால், வேற உலகம்!

ஆனால், அந்த ரீல் எந்த வருஷம் எடுத்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

2024 ஏப்ரலில், அமெரிக்காவின் கடல் மற்றும் வளிமண்டல அமைப்பான 'நோவா' ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளிறிப்போகும் நிகழ்வு நான்காவது முறையாக நடக்கிறது என்பதுதான் அது. 2023 ஜனவரியில் தொடங்கிய இந்த வெப்பம், 2025-க்குள் உலகப் பவளப்பரப்பில் 84 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டது. இதுவரை பதிவானதிலேயே இதுதான் பெரியது. ரீல்ஸ் லிஸ்ட்டில் இருக்கும் பல இடங்கள் இந்தக் கணக்குக்குள் வருகின்றன.

பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் பார்க்கத்தான் பாறை, உண்மையில் அது உயிருள்ள விலங்கு. அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குக் கலரும் கொடுத்து, சாப்பாட்டின் பெரும்பகுதியையும் சமைத்துக் கொடுப்பவை அவைதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி அதிகமாகி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடு மாதிரியான உருவம். அப்போதும் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை.

பூட்டுப் போட்டதும் வந்த சுறாக்கள்

தாய்லாந்தின் மாயா பே ஞாபகம் இருக்கிறதா? லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படம் 2000-ல் வந்த பிறகு உலகமே அங்கே படையெடுத்தது. அந்தச் சின்னக் கடற்கரைக்கு ஒரே நாளில் 5,000 பேருக்கும் மேல் வந்தார்கள். படகு நங்கூரங்களும் மனிதக் கால்களும் பட்டு, பவளத்தின் பெரும்பகுதி அழிந்தது. 2018 ஜூனில் அரசு இழுத்துப் பூட்டியது. 'நாலு மாசம்தான்' என்று ஆரம்பித்தது, 2022 ஜனவரி வரை நீண்டது.

அந்த இடைவெளியில் கருந்துடுப்புச் சுறாக்கள் கூட்டமாகத் திரும்பி வந்தன. விரிகுடாவுக்குள் பவளத்தை மறுபடி நட்டார்கள். இப்போது படகுகள் தீவின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும். விரிகுடாவில் நீச்சலுக்குத் தடை. ஆகஸ்ட், செப்டம்பரில் வருஷா வருஷம் லீவு.

ஹவாயின் ஹனவுமா பே கதையும் இதேதான். 1980-களின் கடைசியில் வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் வந்த இடம். இன்று வாரத்தில் இரண்டு நாள் மூடுகிறார்கள். முன்பதிவு உண்டு. பவளத்தை மிதிக்காதீர்கள் என்று சொல்லும் வீடியோவைப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறங்க முடியும்.

ஆக, கூட்டத்தால் வந்த சேதத்தைக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தி ஓரளவு சரிசெய்ய முடிகிறது. அதுவரைக்கும் நல்ல செய்தி.

வெப்பத்துக்கு கேட் கிடையாது

கெட்ட செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து. 2,300 கிலோமீட்டர் நீளும் கிரேட் பேரியர் ரீஃப், உலகின் மிகக் கவனமாக நிர்வகிக்கப்படும் கடல் பூங்காக்களில் ஒன்று. அனுமதி, கட்டணம், மண்டலம் எல்லாம் உண்டு. ஆனாலும் 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று பத்தே வருஷத்தில் ஆறு முறை பெரிய அளவில் வெளிறியது. வேகமாக வளரும் பவளங்களுக்கே மீண்டெழ ஏறக்குறைய பத்து வருஷம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தால் உடம்பு எப்போது தேறும்?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2015-ல் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகளிடம் கேட்டபோது, கிட்டத்தட்ட 70 சதவிகிதம் பேர், 'அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும்' என்ற எண்ணமும் தங்களை அழைத்துவந்ததாகச் சொன்னார்கள். அதைப் பார்க்க நாம் ஏறும் விமானத்தின் புகையும் கடலைச் சூடாக்கும் கணக்கில்தான் சேர்கிறது.

பக்கத்து வீட்டுக் கதை

வெளிநாடு எதற்கு... 2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவில் ஸ்நார்கெலிங் செய்த படங்களைப் பகிர்ந்தார். கூகுளில் லட்சத்தீவு தேடல் எகிறியது. அதே நேரத்தில் அந்தக் கடல் 2023 அக்டோபர் கடைசியிலிருந்தே வெப்ப அலையில் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே பவளங்கள் கடுமையாக வெளிறியிருப்பதாக, 2024 மே மாதம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. 1998-லிருந்து 24 வருஷம் அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளைக் கவனித்த ஆய்வாளர்கள், பவளப்பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கண்டறிந்தார்கள்.

நமக்கு அது வெக்கேஷன் ஸ்பாட். 2011 கணக்கெடுப்பின்படி 64,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அதுதான் வீடு. அந்தத் தீவுகளே பவளத்தின் மேல் உருவானவை. பெரிய அலையை முதலில் வாங்கிக்கொள்வது பவளத்திட்டுதான். அது பலவீனமானால் கரை அரிக்கும், கிணற்று நீரில் உப்பு ஏறும். நாம் லிஸ்ட்டில் அடுத்த ஸ்பாட்டுக்குப் போய்விடலாம். அவர்கள் எங்கே போவார்கள்?

அப்போ, போகவே கூடாதா?

போகலாம். படகு ஓட்டுபவர், கைடு, ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பம் என்று பலருடைய சாப்பாடு உங்கள் பயணத்தில்தான் இருக்கிறது. பவளம் உயிரோடு இருந்தால்தான் தங்களுக்கும் வருமானம் என்று அவர்களுக்குத் தெரியும். தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

* கட்டுப்பாடு உள்ள இடத்தைத் தேடுங்கள். அந்தமானின் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளை மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு அனுமதியில்லை. 'என்னடா இவ்ளோ ரூல்ஸ்' என்று தோன்றினால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.
* நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடும் படகில் ஏறாதீர்கள். மிதவையில் கட்டுகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.
* பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். பாறை மாதிரி இருக்கும் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம்.
* ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021-லிருந்தே தடை செய்திருக்கிறது. வெப்பத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம்தான். ஆனால், முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் இந்தப் பிரச்னையே இல்லை.
* வெளிறிய பவளத்தைப் பார்த்தால் அதையும் போஸ்ட் பண்ணுங்கள். ஃபில்டர் போட்டு நீலமாக்க வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அழகாக இருப்பதை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று நாமே நம்பிவிடுவோம். அடுத்த முறை 'மச்சி, போறோம்' என்று ஒரு ரீலை அனுப்பும் முன், அது எந்த வருஷம் எடுத்தது என்று மட்டும் பாருங்கள்!