கைக்குழந்தையும் வருகைப் பதிவேடும்

மன உறுதி உள்ள பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டும் படித்துத் தேறிவிடுவாள், தேறாதவளுக்கு அந்த உறுதி போதவில்லை என்னும் நம்பிக்கை, தமிழ்நாட்டில் வீட்டுத் திண்ணை முதல் பட்டமளிப்பு விழா மேடை வரை மறுப்பின்றி வழங்கிவருகிறது. பெண்ணைப் போற்றுவது போன்ற தோற்றம் கொண்டிருப்பதால் இதை எதிர்த்துப் பேச எவரும் முன்வருவதில்லை. ஆனால் கல்வி நிறுவனங்கள் செய்யக் கடமைப்பட்டவற்றை ஒரு தாயின் உடம்பின் மீதும் உறக்கத்தின் மீதும் ஏற்றிவிட்டு, அவள் தவறினால் குற்றத்தையும் அவள் தலையிலேயே சுமத்துகிற இந்த நம்பிக்கை தவறானது, கொடியதும்கூட.

இந்த நம்பிக்கைக்குச் சான்றாக அண்மைக்காலத்தில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுபவர் ஸ்ரீபதி. சவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த, பழங்குடிச் சமூகத்தில் பிறந்த அவர், 2023ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தை பெற்ற இரண்டே நாட்களில் காரில் சென்னைக்கு வந்து, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில், தம் 23ஆம் வயதில், தேர்ச்சி பெற்ற செய்தி வெளியாகி முதலமைச்சரின் வாழ்த்தையும் பெற்றார். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எவருக்கும் வாய் வராது. எனினும் அதைத் தனி ஒருத்தியின் உறுதியாக மட்டும் படிப்பது உண்மையைப் பாதியில் நிறுத்துவதாகும். கணவரும் தாயும் துணை நின்றனர், பச்சை உடம்போடு பயணம் செய்ய வாகனம் கிடைத்தது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் ஆணையின் வாயிலாக அவர் தேர்வானார் என்பதை முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தியே குறிப்பிட்டது. பிரசவம் இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால், அதே அறிவும் அதே உறுதியும் இருந்தும் அவர் அந்தத் தேர்வை இழந்திருப்பார். உறுதி ஒன்றே போதும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்? 2019இல் எத்தியோப்பியாவின் மெட்டு நகரில், குழந்தை பெற்ற சிறிது நேரத்திலேயே பள்ளியிறுதித் தேர்வு எழுதிய பெண்ணின் படம் உலகெங்கும் பரவியபோதும் அவருடைய துணிவே பேசப்பட்டது. வினாத்தாள் மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொண்டுவரப்பட்டது என்பது, பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

வடசென்னை அனல்மின் நிலையமும் எண்ணூர்த் துறைமுகமும் சூழ்ந்த அத்திப்பட்டில், ஒப்பந்தத் தொழிலாளியான கணவர் ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் வீட்டில், கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஓர் இளந்தாயின் தேர்வு நாளைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த நம்பிக்கையின் வெறுமை விளங்கும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும்; அதாவது இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய் அருகில் இருக்க வேண்டும். தேர்வு 3 மணி நேரம். அரை மணி நேரம் முன்னதாக அரங்கில் அமர வேண்டும். அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வடசென்னையிலுள்ள கல்லூரிக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐந்தரை மணி நேரத்தில் குழந்தைக்குப் பசி இருமுறை வரும். தாய்க்கோ பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும், சில வேளைகளில் காய்ச்சலும் காணும். பிழிந்து வைத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும் என்பர். செமஸ்டர் தேர்வுகள் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இங்குள்ள வெப்பத்தை எவரும் அறிவர். இரவு முழுவதும் துண்டுபட்ட உறக்கம் இதனுடன் சேர்கிறது. படித்தவை நினைவில் ஊன்றுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நிறுவப்பட்ட அறிவியல். ஆகவே அவள் மறந்துபோவது சோம்பலால் அன்று.

தேர்வு அரங்கை அடைவதற்கு முன்பே வருகைப் பதிவேடு குறுக்கே நிற்கிறது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் எனக் கொண்டால், 75 விழுக்காடு வருகை வேண்டும் என்னும் விதி 22 நாட்கள் வராமலிருக்கவே இடம் தருகிறது. பிரசவத்துக்குப் பின் உடல் பழைய நிலைக்குத் திரும்பும் காலமாக மருத்துவம் வகுத்திருப்பது 6 வாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டாலும் அது 30 கல்லூரி நாட்கள். எத்துணை மன உறுதி இருந்தாலும் 30 நாட்களை 22க்குள் அடக்க இயலாது. பணிபுரியும் பெண்ணுக்கு 2017 முதல் சட்டம் 26 வார மகப்பேற்று விடுப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டின் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள். மாணவி தொழிலாளி அல்லள் என்பதால் அந்தச் சட்டம் அவளைத் தொடுவதில்லை. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு 240 நாள் விடுப்பு வகுத்த பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் விதிகள் வகுக்குமாறு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு மடல் எழுதியது. மடல் என்பது கட்டளை ஆகாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றி, மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியிலேயே தொடங்கியது. போற்றத்தக்க மாற்றம்தான், ஆயினும் திருமணம் ஒரு பக்கம், கல்வி மறுபக்கம் என்று பிரித்து நினைக்கும் பழக்கம் போகவில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் வந்து சேரும் பெண்ணை எந்தத் திட்டமும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் படிக்கலாமே என்பது அடுத்துக் கூறப்படும் சமாதானம். சென்னைப் பல்கலைக்கழகம் 1981 முதல் தொலைநிலைக் கல்வி வழங்கிவருவதும் அதனால் எண்ணற்ற பெண்கள் பட்டம் பெற்றதும் மெய்யே. ஆனால் மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகளுக்கு அந்த வழி இல்லை. தொலைநிலையில் பெற்ற சட்டப் பட்டத்தை வழக்கறிஞர் பதிவுக்கு இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை. எல்லோரும் வியக்கும் ஸ்ரீபதிகூட அந்த வழியில் சென்றிருந்தால் நீதிபதி ஆகியிருக்க முடியாது.

சலுகை தந்தால் தரம் குறையும் என்போர், கேரளத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் மாணவியருக்கு 60 நாள் மகப்பேற்று விடுப்பு அறிவித்தது. கேரளப் பல்கலைக்கழகம் 2023 மார்ச்சில் ஆறு மாத விடுப்பு அளித்து, மறுசேர்க்கை இல்லாமலே வகுப்புக்குத் திரும்பவும் வழி செய்தது. இவற்றால் வினாத்தாளில் ஒரு கேள்வியும் எளிதாகிவிடவில்லை, தேர்ச்சி மதிப்பெண்ணும் மாறவில்லை. மகப்பேற்று நாட்களை வருகைக் கணக்கிலிருந்து நீக்குவதும், தவறிய தாளை அரியர் என்று பதியாமல் அடுத்த தேர்வில் முதல் முயற்சியாகவே ஏற்பதும், தேர்வு மையத்தில் பாலூட்ட ஓர் அறை ஒதுக்கிச் செலவான நேரத்தை ஈடுசெய்வதும், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு ஒரே அமர்வில் நிறைவேற்றக்கூடிய தீர்மானங்கள்.