டெரர் வேறு, ஹாரர் வேறு

டெரர், ஹாரர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'பயம்' என்று ஒரே அர்த்தம் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நடுராத்திரியில் கதவு தட்டப்படுகிறது. யாரென்று தெரியாமல் நெஞ்சு படபடக்கிறதே, அது டெரர். திறந்ததும் கண்ட காட்சியில் உடம்பு உறைந்து போகிறதே, அது ஹாரர். முதலாவது மனதைத் தட்டி எழுப்பும், இரண்டாவது முடக்கிப் போடும் என்றார் ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப். அவர் இறந்தபின், 1826-ல் வெளியான கட்டுரை அது. ஹாரரின் லத்தீன் வேரிலேயே மயிர்க்கூச்செறிதல் இருக்கிறது.

இன்று? அச்சமூட்டுவதைக் குறித்த டெரிஃபிக், 'பிரமாதம்' ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலோ, கொஞ்சம் முறைத்தாலே 'டெரர் பீஸு'!

சொற்கள் தேய்வது இயல்புதான். விளையாட்டும் தப்பில்லை. ஆனால் பரீட்சை, சினிமா, வாத்தியார் எல்லாமே 'டெரர்' என்று பழகிவிட்டால், நிஜமாகவே நடுங்கிக்கொண்டு ஒருத்தி அதே சொல்லைச் சொல்லும்போது கேட்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். உதவி கேட்க அவளுக்கு வேறு எந்தச் சொல் மிச்சமிருக்கும்? யோசியுங்கள்.