போகலாமா? கிளம்பலாமா?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிறு மாலை இருட்டத் தொடங்கியதும் ஒரே பேச்சுத்தான் கேட்கும். "என்னங்க, கிளம்பலாமா? பிள்ளைக்குத் தூக்கம் வருது" என்பாள் மனைவி. "வாங்கடா, போகலாம்" என்பார் அப்பா. "இன்னும் ஒரே ஒரு அலைப்பா!" என்று கெஞ்சுவான் பையன்.

இதையே ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி எதற்கு என்று யாரும் சிரிக்க வேண்டாம். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. கப்பல் வேலைக்குப் போகிறவன் சிலி, பெரு, பனாமா துறைமுகங்களில் இறங்கினால் காதில் விழுவது அந்த மொழிதான். இன்று செல்போனிலேயே பாடம் கேட்டுப் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறார்களே, அங்கேதான் கோளாறு!

ஆங்கிலத்தில் "லெட்ஸ் கோ" என்றால் எல்லாம் முடிந்தது. தமிழில் அப்படியா? "சந்தைக்குப் போகலாம்" என்பது வேறு. "சரி, கிளம்பலாம்" என்பது வேறு. முன்னதில் போகும் இடம் முக்கியம். பின்னதில் இருக்கும் இடத்தை விடுவது முக்கியம். ஸ்பானிய மொழியிலும் இதே வேறுபாடு உண்டு. "வாமோஸ் அல் மெர்காதோ" என்றால் சந்தைக்குப் போகலாம். "வாமொனோஸ்" என்றால் இங்கிருந்து கிளம்பலாம். கேள்வியாகக் கேட்க வேண்டுமா? "நோஸ் வாமோஸ்?" அதாவது, கிளம்பலாமா?

வாமோஸ், நோஸ் என்ற இரண்டும் சேர்ந்ததே வாமொனோஸ். சேரும்போது நடுவில் உள்ள "ஸ்" விழுந்துவிடும். மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது "ம்" விழவில்லையா? பள்ளிக்கூடத்தில் படித்த அதே கதைதான்.

இன்னொன்று. தமிழில் "நாம்" உண்டு, "நாங்கள்" உண்டு. "நாங்கள் கிளம்புகிறோம்" என்றால் கேட்பவர் அங்கேயே இருப்பார். "நாம் கிளம்புவோம்" என்றால் அவரும் கூடவே வருவார். வாமொனோஸ் எப்போதும் "நாம்" கணக்குத்தான். கேட்பவரை விட்டுவிட்டுப் போவதற்கு அந்தச் சொல் உதவாது. "நீங்கள் எல்லாரும் போய்விடுங்கள்" என்று விரட்டுவதற்கு "வாயான்சே" என்று தனிச் சொல் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு ஒரு வரி போதும்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தைச் சுனாமி தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கடற்கரையை விட்டு ஓடுவதன் அருமை அந்த ஊருக்குத் தெரியும். 2010 பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டில் பெரும் பூகம்பம். அதைத் தொடர்ந்து சுனாமி. நிலம் ஆடியதுமே, யாரும் சொல்லக் காத்திராமல், கரையோர மக்களில் பலர் மேட்டில் ஏறித் தப்பினார்கள். அப்படிப்பட்ட கரையில் நம் பையன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாமொனோஸ் அல் செர்ரோ!" என்று பக்கத்தில் நிற்பவன் கத்துகிறான். இங்கிருந்து மேட்டுக்குப் போய்விடுவோம் என்று பொருள். "லெட்ஸ் கோ" மட்டும் படித்தவன், மலை பார்க்கக் கூப்பிடுகிறான் என்று எண்ணி, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் என்ன ஆவது?

எல்லாவற்றிலும் தமிழும் ஸ்பானியமும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. விடைபெறும்போது "போறேன்" என்று சொன்னால் நம் வீட்டுப் பாட்டிக்குப் பிடிக்காது. "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்பாள். ஸ்பானியரோ "மே வோய்", நான் போகிறேன் என்று கூசாமல் சொல்வார். அதுகூடப் பரவாயில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் நாம் உள்ளேயிருந்து "இதோ வரேன்!" என்போம். அவர் "யா வோய்!", இதோ போகிறேன் என்பார். கூப்பிட்டவர் இருக்கும் இடத்துக்குப் போகிறாராம்! இந்த இடத்தில்தான் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இதற்குத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும். வாமொனோஸுக்கு அல்ல.