குழாயின் இந்த முனையில் நாம்



ஹாட்யாய்க்குப் பஸ் ஏறிப் போகிறோம். துணிமணி வாங்குகிறோம், திரும்பி வருகிறோம். வழியில் சாங்லூன் பக்கத்திலே மண்ணுக்குள் ஓர் எரிவாயுக் குழாய் கிடக்கிறது. அது எங்கேயிருந்து வருது, யார் வாசலைத் தாண்டி வருது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அது தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்து சானாவிலிருந்து வருகிறது. அந்தக் கடலோரத்தில் பரம்பரையாக வாழ்கிறவர்கள் மலாய் முஸ்லிம் மக்கள். மீன்பிடிப்பும் புறா வளர்ப்பும் அவர்கள் பிழைப்பு. இரு நாடுகளும் உரிமை கோரிய கடற்பகுதியைக் கூட்டாகப் பயன்படுத்த மலேசியாவும் தாய்லாந்தும் 1979-இல் உடன்பட்டன. அந்த எரிவாயுவைக் கரைசேர்க்க நம் பெட்ரோனாசும் தாய்லாந்தின் பி.டி.டி.யும் பங்காளிகளாயின. சானாவில் கரையேறும் குழாய், பிரிப்பு ஆலையைத் தாண்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தரைவழியே கெடா எல்லைக்கு வருகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1999-இல். பொதுமக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டது 2000-இல். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதைதான்! இரண்டு கூட்டங்களும் அமளியில் முடிந்தன. கடல் கெட்டால் எங்கள் சோறு கெடும் என்றார்கள் மீனவர்கள். பொதுவழியாகக் கிடந்த வக்ஃப் நிலம் ஆலைக்குள் போகக்கூடாது என்றார்கள்.

2002 டிசம்பர் 20-ஆம் நாள் இரவு அவர்கள் ஹாட்யாயில் திரண்டார்கள். தக்சினும் மகாதீரும் பங்கேற்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். போலீஸ் அடித்து விரட்டியது. அந்தக் கூட்டம் அமைதியானது, அதைக் கலைத்தது தவறு என்று நிர்வாக நீதிமன்றம் 2006-இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நிர்வாக நீதிமன்றம் 2013-இல் அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நியாயம் வந்தது, ஆனால் குழாய் அதற்கு முன்பே புதைந்துவிட்டது.

குழாயோடு நின்றதா? மின்நிலையம் வந்தது. பிறகு ஏறத்தாழ 6,600 ஏக்கரில் தொழிற்பேட்டை என்றார்கள். சானா மக்கள் பேங்காக்கிற்கே போய் உட்கார்ந்தார்கள். 2021 டிசம்பர் 6-ஆம் நாள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் எட்டே நாளில், சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கட்டும் என்று அமைச்சரவை இறங்கி வந்தது. அமெரிக்காவில் ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினர் தங்கள் குடிநீருக்கு அடியில் எண்ணெய்க்குழாய் போகக்கூடாதென்று 2016-இல் போராடினார்கள். 2017-இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. முழு ஆய்வு நடத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2020-இல்தான். அங்கேயும் குழாய் முன்னே, கேள்வி பின்னே.

“கேஸ் வேண்டாமா? ஃபேக்டரி வேலை வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும்தான். பால்வெட்டை விட்டு ஃபேக்டரிக்குப் போன பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒருவன் அடுப்பு எரிய இன்னொருவன் வலையைச் சுருட்ட வேண்டுமென்றால், அவனை முதலில் கேட்பதுதானே முறை?

இது நமக்குப் புரியாத வலியா? தோட்டம் கைமாறும்போது நம்மை யார் கேட்கிறார்கள்? ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கச் சட்டவிதி கணக்குப் போடுகிறது. பாட்டன் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும், அவனைப் புதைத்த மண்ணுக்கும் அதில் கணக்கில்லை. சானாவின் வக்ஃப் பாதைக்கு நேர்ந்ததும் இதுவேதான்.

ஆகவே அவர்கள் மதம் வேறு, நாடு வேறு என்று ஒதுங்காதீர்கள். பெட்ரோனாஸ் நாட்டு மக்களின் நிறுவனம். அதில் கேள்வி கேட்க நமக்கும் உரிமை உண்டு. சங்கக் கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற யாங் பெர்ஹோர்மாட்டிடம் கேளுங்கள்: எங்கே குழாய் போட்டாலும், எந்தத் தோட்டத்தை விற்றாலும், கையெழுத்துக்கு முன்னால் அங்கே குடியிருப்பவனைக் கேட்பீர்களா?

சானாக்காரனுக்காக இன்று நாம் கேட்கும் கேள்வி, நாளைக்கு நம் லயத்து வாசலுக்கும் உதவும்.